ஆஸ்திரேலியத் தொகுதி ஒன்றின் வாக்கு வரலாற்றைத் தொகுப்பது எப்படி? பெனலாங்கை வைத்துச் செய்து பார்ப்போம்

2007 நவம்பர் 24. சிட்னியின் பெனலாங் தொகுதியில் அன்றைய லிபரல் பிரதமர் ஜான் ஹோவர்ட் வாங்கிய முதல் விருப்பு வாக்கு 39,551. லேபர் வேட்பாளர் மேக்சீன் மெக்யூ வாங்கியது 39,408. ஹோவர்ட் 143 வாக்கு முன்னால் நின்றார். தொகுதி மெக்யூவுக்குப் போனது.

தமிழ்நாட்டுத் தேர்தல் முடிவுகளில் பழகிய கண்ணுக்கு இது அச்சுப்பிழை போலத் தெரியும். இலங்கை வாசகருக்கு வேறொரு குழப்பம் வரும். அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் விருப்பு வாக்கு என்றால் ஒரு கட்சிப் பட்டியலுக்குள் ஆளைத் தேர்ந்தெடுப்பது. ஆஸ்திரேலியக் கீழவையில் அப்படியில்லை: சீட்டில் உள்ள எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால் கடைசி ஆளை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த எண்ணுக்கு உரியவரிடம் சேர்ப்பார்கள். 1918 முதல் இதுதான் முறை.

எனவே ஒரு தொகுதியின் வரலாற்றை எழுத உட்காருகிறவர் அட்டவணையில் "வென்றவர், தோற்றவர், வித்தியாசம்" என்று மூன்று பத்தி போட்டு நிரப்பினால், பாதி வரிசை பொய் சொல்லும். இன்னொரு பெரிய பொறி எல்லைக் கோடு. தொகுதியின் பெயர் அப்படியே இருக்கும், நிலம் நகர்ந்திருக்கும். பெனலாங்கில் இரண்டு பொறியும் தாராளமாக உண்டு. அதனால்தான் பயிற்சிக்கு இதை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் எந்தக் கணக்கு என்று தெளிவாக இருங்கள்

ஒரு முடிவுக்கு மூன்று கணக்கு உண்டு. முதல் விருப்பு வாக்கு ஒன்று. எல்லோரையும் நீக்கியபின் கடைசியில் நிற்கும் இருவருக்கிடையிலான இரு வேட்பாளர் கணக்கு இன்னொன்று. லேபர் ஒரு பக்கம், லிபரல்-நேஷனல் கூட்டணி ஒரு பக்கம் என்று வைத்துப் பார்க்கும் இரு கட்சிக் கணக்கு மூன்றாவது. கடைசி இருவரும் லேபரும் கூட்டணியுமாக இருந்தால் பின்னவை இரண்டும் ஒன்றே. சுயேச்சையோ கிரீன்ஸ் வேட்பாளரோ கடைசி இருவரில் வந்துவிட்டால் பிரியும். அப்படிப்பட்ட தொகுதியிலும் தேர்தல் ஆணையம் தகவலுக்காக இரு கட்சிக் கணக்கைத் தனியாக எண்ணி வெளியிடும். வென்றவர் யார் என்பதை இரு வேட்பாளர் கணக்கு சொல்லும். ஊர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இரு கட்சிக் கணக்கு சொல்லும். ஒரே பத்தியில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

2007-ஐயே முழுதாகப் போட்டுப் பார்ப்போம். இறுதியில் மெக்யூ 44,685, ஹோவர்ட் 42,251. இரண்டையும் கூட்டினால் 86,936. செல்லுபடியான மொத்த வாக்கும் இதே எண்ணாக இருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாச் சீட்டும் கடைசியில் இருவரில் ஒருவரிடம் போய்ச் சேரும். இந்தச் சரிபார்ப்பை ஒவ்வொரு தேர்தலுக்கும் செய்யுங்கள். ஒற்றை வாக்கு இடித்தாலும் ஏதோ ஒரு கோப்பு இறுதியானது அல்ல.

இனி விருப்பு வாக்கு எங்கே போனது என்று பாருங்கள். மொத்தத்தில் இருவரின் முதல் விருப்பைக் கழித்தால் மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்தவை 7,977. ஹோவர்ட் 39,551-லிருந்து 42,251-க்கு ஏறினார், அதாவது 2,700 சேர்ந்தது. மெக்யூவுக்கு 5,277 சேர்ந்தது. 7,977-ல் 5,277 என்பது 66 சதவீதம். அந்த 7,977-ல் 4,811 வாக்கு கிரீன்ஸுடையது. பிரதமரின் தோல்வி முழுவதும் இந்த நாலு வரிக் கழித்தலுக்குள் இருக்கிறது. 1929-ல் ஃபிளிண்டர்ஸ் தொகுதியில் ஸ்டான்லி புரூஸ் தோற்றதற்குப் பிறகு, பதவியில் இருந்த பிரதமர் சொந்தத் தொகுதியை இழந்தது இதுதான் இரண்டாவது முறை.

மார்ஜின் என்ற சொல்லிலும் கவனம் தேவை. ஆஸ்திரேலியாவில் ஒரு தொகுதியின் மார்ஜின் 1.4 சதவீதம் என்றால், வென்றவர் 51.4 வாங்கினார் என்று பொருள். அதாவது 50-க்கு மேலே எவ்வளவு என்பதுதான் கணக்கு; முன்னணியில் பாதி. நம் ஊர் வழக்கப்படி 2.8 என்று எழுதினால் மற்ற எந்தப் பட்டியலோடும் ஒட்டாது. வாக்கில் சொன்னால் மெக்யூவின் முன்னணி 2,434. 1,218 பேர் மனம் மாறியிருந்தால் முடிவு புரண்டிருக்கும்.

கோப்புகளை எடுப்பது

2004 முதல் நடந்த பொதுத்தேர்தல்களின் முடிவுகளை ஆஸ்திரேலியத் தேர்தல் ஆணையம் டேலி ரூம் என்ற தனது இணையக் காப்பகத்தில் சிஎஸ்வி கோப்புகளாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு நிகழ்வு எண் உண்டு. அது முகவரியிலேயே வரும். 2004-க்கு 12246, 2007-க்கு 13745, 2010-க்கு 15508, 2013-க்கு 17496, 2016-க்கு 20499, 2019-க்கு 24310, 2022-க்கு 27966, 2025-க்கு 31496. இறக்கிய கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது இந்த எண்ணையும் சேர்த்துவிடுங்கள். எட்டுத் தேர்தலின் கோப்புகள் ஒரே மாதிரிப் பெயரோடு கிடக்கும்போது அதன் அருமை தெரியும்.

தேவைப்படுபவை ஐந்து: தொகுதிவாரியாக, வாக்கு வகையோடு, வேட்பாளரின் முதல் விருப்பு வாக்கு; இரு வேட்பாளர் கணக்கு; வாக்குச்சாவடி வாரியாக இரு கட்சிக் கணக்கு; விருப்பு வாக்குப் பகிர்வு; வாக்குப்பதிவு சதவீதமும் செல்லாத வாக்கும். முதல் விருப்பு வாக்கின் சாவடிவாரிக் கோப்பு மாநிலத்துக்கு ஒன்றாகப் பிரிந்திருக்கும். பெனலாங்குக்கு நியூ சவுத் வேல்ஸ் கோப்பு.

கோப்பைத் திறந்ததும் முதல் வரியைப் பாருங்கள். அது தலைப்பு வரிசை அல்ல. தேர்தலின் பெயர், நிகழ்வு எண், எந்தக் கட்டத்து முடிவு என்ற விவரம். பத்தித் தலைப்புகள் இரண்டாம் வரியில்தான் தொடங்கும். பைத்தானிலோ எக்செல் இணைப்பிலோ ஏற்றும்போது முதல் வரியைத் தாண்டச் சொல்லாவிட்டால் எல்லாப் பத்தியும் ஒரே பத்தியாகச் சுருண்டுவிடும். தூக்கியெறியும் முன் அந்த வரியைப் படித்தும் விடுங்கள்: இறுதி முடிவு என்று இருக்க வேண்டும். எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கும்போது எவரோ இறக்கிவைத்த கோப்பைப் பின்னால் பயன்படுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து.

சாவடிவாரி முதல் விருப்புக் கோப்பில் செல்லாத வாக்கும் ஒரு வேட்பாளர் போல 999 என்ற அடையாள எண்ணோடு ஒரு வரிசையில் நிற்கும். அதையும் சேர்த்துக் கூட்டிவிட்டுச் சதவீதம் போட்டால் எல்லோருடைய பங்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்து, ஆணையத்தின் எண்ணோடு பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் 999-ஐத் தேடுங்கள்.

விருப்பு வாக்குப் பகிர்வுக் கோப்பு இன்னும் பொல்லாதது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் நாலு வரிசை வரும்: கையிலிருக்கும் வாக்கு, அதன் சதவீதம், அந்தச் சுற்றில் வந்து சேர்ந்த வாக்கு, அதன் சதவீதம். வடிகட்டாமல் கூட்டினால் எண்ணும் சதவீதமும் ஒன்றாகக் கலந்த கூட்டாஞ்சோறு கிடைக்கும்.

அதே கோப்பை வைத்து "கிரீன்ஸ் வாக்காளரில் இத்தனை பேர் லேபருக்குப் போட்டார்கள்" என்று எழுதுவதும் தவறு. கிரீன்ஸ் வேட்பாளர் நீக்கப்படும் நேரத்தில் அவர் கையில் இருப்பது அவருக்கு நேரடியாக விழுந்த சீட்டுகள் மட்டும் அல்ல. அதற்கு முன் நீக்கப்பட்டவர்களிடமிருந்து வந்தவையும் சேர்ந்திருக்கும். ஒரு கட்சிக்கு 1 போட்டவர்களின் சீட்டு கடைசியில் எங்கே நின்றது என்பதற்கு ஆணையம் தனிக் கோப்பு தருகிறது. விருப்பு வாக்கு ஓட்டம் என்ற பெயரில் இருக்கும். அந்தக் கேள்விக்கு அதைத்தான் பார்க்க வேண்டும்.

வாக்கு எண்ணும் இரவில் செய்தித்தாள் போட்ட எண்ணை எந்த வரிசையிலும் ஏற்றாதீர்கள். தபால் வாக்குகள் வாக்குப்பதிவு நாளுக்குப் பின் 13 நாள் வரை வந்து சேரலாம். முழு விருப்பு வாக்குப் பகிர்வு அதற்கும் பிறகுதான். 2025-ல் பெனலாங்கின் பக்கத்துத் தொகுதியான பிராட்ஃபீல்டில் பகிர்வு முடிந்தபோது லிபரல் வேட்பாளர் 8 வாக்கு முன்னணியில் இருந்தார். வித்தியாசம் 100-க்குக் கீழே இருந்ததால் மறு எண்ணிக்கை நடந்தது; சுயேச்சை நிகோலெட் போயெல் 26 வாக்கில் வென்றார். நடுவில் எழுதி முடித்தவர்கள் எல்லாம் அழித்து எழுத வேண்டியிருந்தது.

நிலம் நகர்ந்த கதை

இனி எல்லை. இந்த வேலையில் நேரத்தை எங்கேயாவது தாராளமாகச் செலவழிக்க வேண்டுமென்றால் இங்கேதான்.

பெனலாங் 1949-ல் உருவான தொகுதி. ஆளுநர் ஆர்தர் பிலிப்போடு பழகிய பழங்குடித் தலைவர் பெனலாங்கின் பெயர். சிட்னி ஓபரா ஹவுஸ் நிற்கும் பெனலாங் முனை இந்தத் தொகுதியில் இல்லை. அது சிட்னி தொகுதியில் இருக்கிறது. பெனலாங் அடக்கம் செய்யப்பட்ட பட்னி பகுதிதான் இங்கே வருகிறது. பெயரைப் பார்த்து வரைபடத்தில் விரல் வைத்தால் தொடக்கத்திலேயே வழி தப்பும்.

1949 முதல் 1974 வரை ஜான் கிரேமர், 1974 முதல் 2007 வரை ஹோவர்ட்: 58 ஆண்டு இரண்டே லிபரல் உறுப்பினர்கள். ஆனால் கிரேமர் ஜெயித்த பெனலாங்கும் ஹோவர்ட் தோற்ற பெனலாங்கும் ஒன்றல்ல. லேன் கோவ், ஹன்டர்ஸ் ஹில் பக்கம் இருந்த தொகுதி, மறுவரையறைக்கு மறுவரையறை மேற்கே நகர்ந்து ஈஸ்ட்வுட், எப்பிங், எர்மிங்டன் என்று போனது. வசதியான கரையோரம் கழன்று, புதிதாகக் குடியேறியவர்கள் நிறைந்த பகுதிகள் சேர்ந்தன. "வாக்காளர் மனம் மாறினார்கள்" என்று எழுதும் முன் அவர்கள் அதே வாக்காளர்கள்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் 2024-ல் எதிர்த் திசை: நியூ சவுத் வேல்ஸின் இடங்கள் 47-லிருந்து 46 ஆனபோது நார்த் சிட்னி தொகுதி கலைக்கப்பட்டு, லேன் கோவும் ஹன்டர்ஸ் ஹில்லும் திரும்பப் பெனலாங்குக்குள் வந்தன.

மறுவரையறை ஏன் இத்தனை முறை? மாநிலத்துக்கு உரிய இடங்களின் எண்ணிக்கை மாறினாலும், கடைசி மறுவரையறை நடந்து ஏழு ஆண்டு ஆனாலும் அந்த மாநிலத்தில் மறுபடி கோடு போட வேண்டும். வாக்காளர் எண்ணிக்கை மாநிலச் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. சில ஆண்டு கழித்து எவ்வளவு இருக்கும் என்ற கணிப்பில் 3.5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. ஓர் ஓரத்தில் இடித்தால் கோடு எல்லாத் தொகுதியிலும் நகரும்.

அதனால் உங்கள் அட்டவணையில் எல்லைத் தொகுப்பு என்று ஒரு பத்தி கட்டாயம் வையுங்கள். நியூ சவுத் வேல்ஸில் 2006, 2009, 2016, 2024 மறுவரையறைகள் அண்மைக் காலத்தவை. ஒரே எல்லைக்குள் நடந்த தேர்தல்களுக்கு ஒரே நிறம் பூசுங்கள். 2016, 2019, 2022 மூன்றும் ஒரே நிறத்தில் வரும். அவற்றை நேராக ஒப்பிடலாம். நிறம் மாறும் இடத்தில் ஒரு வெற்று வரிசை விட்டு அனுமான மார்ஜினை எழுதுங்கள். அனுமான மார்ஜின் என்பது புதிய எல்லை முந்தைய தேர்தலிலேயே இருந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்ற கணக்கு.

அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டு. 2004-ல் ஹோவர்ட் 54.33 சதவீதம். 2006 மறுவரையறைக்குப் பின் அது அனுமானமாக 54.13 ஆகியது. 2007-ல் அவர் வாங்கியது 48.60. ஆக ஸ்விங், அதாவது முந்தைய தேர்தலிலிருந்து வாக்குப் பங்கு நகர்ந்த அளவு, 5.53; பழைய எண்ணிலிருந்து கழித்தால் 5.73 என்று வரும். வித்தியாசம் சின்னது, ஆனால் ஆணையத்தின் எண்ணோடு ஒட்டாது. இரண்டாவது எடுத்துக்காட்டு முடிவையே புரட்டும். 2022-ல் லேபரின் ஜெரோம் லக்ஸாலே 50.98 சதவீதத்தில் வென்றார். 2024 மறுவரையறை அந்தத் தொகுதியை 0.04 சதவீத மார்ஜினில் லிபரல் பக்கம் சாய்த்தது. உட்கார்ந்திருக்கும் உறுப்பினர் லேபர், தொகுதி அனுமானமாக லிபரல். 2025-ல் லக்ஸாலே 59 சதவீதத்தைத் தாண்டினார். அவருக்குக் கிடைத்த ஸ்விங் சுமார் 9.3, பழைய 50.98-லிருந்து கழிக்கிறவருக்கு 8.3 தான் கிடைக்கும்.

அனுமான மார்ஜினை நீங்களே போட்டுப் பார்க்கவும் முடியும். எஸ்ஏ1 எனப்படும் சின்னக் கணக்கெடுப்பு வட்டம் ஒவ்வொன்றிலிருந்தும் எந்தச் சாவடிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கோப்பை ஆணையம் சமீபத்திய தேர்தல்களுக்கு வெளியிட்டிருக்கிறது. ஒரு சாவடியின் இரு கட்சிச் சதவீதத்தை அங்கே வந்த வட்டங்களுக்கு, வந்த ஆட்களின் எண்ணிக்கைப்படி பங்கிடுங்கள். புதிய எல்லைக்குள் விழும் வட்டங்களை மட்டும் கூட்டுங்கள். தபால் வாக்கையும் மற்ற உறுதிமொழி வாக்குகளையும் (வாக்காளர் கையெழுத்திட்ட உறையில் வருபவை) பழைய தொகுதியின் சராசரிப்படி பரப்புங்கள். குறை என்னவென்றால், ஒரு சாவடிக்கு வந்த எல்லா வட்டமும் ஒரே மாதிரி வாக்களித்ததாக இந்த முறை எடுத்துக்கொள்ளும். ஆற்றங்கரை வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஒரே பள்ளிக்கூடத்துச் சாவடிக்கு வந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே சதவீதம் விழும். அதனால் 0.04 போன்ற மார்ஜினைச் சமநிலை என்றே படியுங்கள்.

நார்த் சிட்னியிலிருந்து வந்த பகுதிகளுக்கு இந்தக் கணக்கைப் போடும்போது ஒரு குழி. 2022-ல் அங்கே கடைசி இருவர் சுயேச்சை கைலியா டிங்கும் லிபரலும். இரு வேட்பாளர் கோப்பை எடுத்தால் சுயேச்சையின் வாக்கு லேபர் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இரு கட்சிக் கோப்புதான் வேண்டும்.

ஸ்விங் எழுதும்போது

ஸ்விங் எப்போதும் சதவீதப் புள்ளியில். 56.91-லிருந்து 49.02-க்கு இறங்கினால் 7.89 புள்ளி. 2022-ல் லிபரல் கட்சிக்குப் பெனலாங்கில் நடந்தது அது.

இடைத்தேர்தலைக் கோட்டில் சேர்க்காமல் ஓரமாக வையுங்கள். 2016-ல் லிபரலின் ஜான் அலெக்சாண்டர், பழைய டென்னிஸ் வீரர், 59.72 சதவீதத்தில் வென்றார். இரட்டைக் குடியுரிமைச் சிக்கலில் பதவி விலகி, 2017 டிசம்பர் 16-ல் இடைத்தேர்தல் நடந்தது. மாநிலத்தின் முன்னாள் முதல்வர் கிறிஸ்டினா கெனீலியை லேபர் நிறுத்தியது. அலெக்சாண்டர் 54.88-ல் தப்பினார். 2019 பொதுத்தேர்தலில் 56.91. இடைத்தேர்தலோடு ஒப்பிட்டால் லிபரல் 2.03 புள்ளி ஏறியிருக்கிறது. 2016 பொதுத்தேர்தலோடு ஒப்பிட்டால் 2.81 புள்ளி இறங்கியிருக்கிறது. ஒரே முடிவு, திசை நேர் எதிர். ஆணையம் பொதுத்தேர்தலைப் பொதுத்தேர்தலோடுதான் ஒப்பிடுகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். இடைத்தேர்தலில் வாக்குப்பதிவு குறையும், வேட்பாளர் கூட்டம் கூடும், அரசுக்கு ஓர் அடி கொடுக்கலாமே என்ற மனநிலை வரும். அதற்கு அடிக்குறிப்பு போதும்.

முதல் விருப்பு வாக்கின் ஏற்ற இறக்கத்தைப் படிக்கும்போது யார் நின்றார்கள் என்று பாருங்கள். பெனலாங்கில் கிரீன்ஸ் 2004-ல் 16 சதவீதத்தைத் தாண்டியது, 2007-ல் 5.53. எண்ணை மட்டும் பார்த்தால் கட்சியே கரைந்துபோனது போலத் தோன்றும். 2004-ல் கிரீன்ஸ் சார்பில் நின்றவர் ஆண்ட்ரூ வில்கி, ஈராக் போரை எதிர்த்துப் பதவி விலகிய உளவுத்துறை ஆய்வாளர். ஹோவர்டுக்கு எதிரான வாக்கு அவரிடம் போனது. 2007-ல் வில்கி இல்லை. தொலைக்காட்சியில் நாடறிந்த முகமான மெக்யூ வந்துவிட்டார். அதே வாக்கு வேறு பெட்டியில் விழுந்தது. 2004-லேயே ஹோவர்டின் முதல் விருப்பு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதினால், 2007 வானத்திலிருந்து விழவில்லை என்று புரியும். ஒவ்வொரு தேர்தலுக்கும் குறிப்புப் பத்தியில் இப்படி ஒரு வரியாவது வேண்டும்.

சாவடி வரை இறங்குகிறீர்களா?

இறங்கினால் ருசியான வேலை, ஆனால் கைசுடும். சாவடிகளைப் பெயரால் பொருத்தாதீர்கள், அடையாள எண்ணால் பொருத்துங்கள். பொருந்திய பிறகும் செல்லுபடியான வாக்கின் அளவைப் பாருங்கள். ஒரு சாவடியில் அது சட்டென்று மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தால் பக்கத்துச் சாவடி மூடப்பட்டிருக்கும்; குறைந்திருந்தால் அருகில் முன்கூட்டியே வாக்களிக்கும் மையம் திறந்திருக்கும். இரண்டிலும் கிடைக்கும் ஸ்விங்கில் ஆள் மாறிய பங்கு கலந்திருக்கும்.

முன்கூட்டிய வாக்குதான் கடந்த சில தேர்தல்களில் எல்லாச் சாவடிக் கணக்கையும் குலைத்திருக்கிறது. 2010 முதல், சொந்தத் தொகுதியின் மையத்தில் முன்கூட்டிப் போடும் வாக்கு சாதாரண வாக்காகவே எண்ணப்பட்டு, மையத்தின் பெயரில் ஒரு சாவடி போலக் கோப்பில் வரும். அதற்கு முன் அது உறுதிமொழி வாக்குகளோடு போனது. ஆகவே 2007-ன் சாவடி மொத்தத்தையும் 2010-ன் சாவடி மொத்தத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு நொண்டும். தபால், வெளித்தொகுதி (சொந்தத் தொகுதிக்கு வெளியே போட்டது), முன்கூட்டிய மையம், வாக்குப்பதிவு நாள் என்று நாலு கூறாகப் பிரித்து, கூறுக்குக் கூறு ஒப்பிடுங்கள். சிட்னி நகர மையத்தில் பல தொகுதிக்காரர்களுக்கும் பொதுவாகத் திறக்கும் சாவடியில் பெனலாங் வாக்காளர் போட்டது தனி வரிசையாக வரும்; அதை ஈஸ்ட்வுட், ரைட் சாவடிகளோடு வரைபடத்தில் குத்தாதீர்கள், அது தொகுதிக்கு வெளியே இருக்கிறது.

சதவீதங்களைச் சராசரி எடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். ஒரு பேச்சுக்கு, 2,000 வாக்குள்ள சாவடியில் லேபர் 60, 200 வாக்குள்ள சாவடியில் 30. சராசரி 45 என்று லேபரைத் தோற்கடிக்கும். வாக்கைக் கூட்டினால் 2,200-ல் 1,260, அதாவது 57.3.

ஈஸ்ட்வுட், எப்பிங் பகுதிகளில் சீன, கொரிய வம்சாவளியினர் நிறைய. 2022-ன் ஸ்விங்குக்கு அதைக் காரணமாகச் சொன்னவர்கள் உண்டு. சொல்வதானால், அந்தச் சாவடிகளின் ஸ்விங் தொகுதி ஸ்விங்கைவிட எவ்வளவு அதிகம் என்று எண்ணோடு சொல்லுங்கள். சாவடி எண் ஒரு இனத்தின் வாக்கைச் சொல்லாது; அந்த வட்டாரத்தின் வாக்கைத்தான் சொல்லும்.

பழைய ஆண்டுகள், மறைந்த தொகுதிகள்

1980-களின் தொடக்கத்துக்கு முன்பு, முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டால் மற்றவர்களின் விருப்பு வாக்கைப் பகிர மாட்டார்கள். கிரேமர் காலத்து இரு கட்சிக் கணக்கென்று நீங்கள் காணும் எண்களில் பல பின்னாளில் ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு. சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் சாய்வெழுத்தில் போட்டு மதிப்பீடு என்று குறியுங்கள், தசமத்தில் இரண்டு இலக்கம் போட்டு மிரட்டாதீர்கள். வாக்களிப்பு 1924-ல் கட்டாயமானது. 1949-ல் தொடங்கும் பெனலாங்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1901-லிருந்து வரும் தொகுதியை எடுத்தால், 1922-க்கும் 1925-க்கும் நடுவே வாக்குப்பதிவு 60-க்குக் கீழிருந்து 91-க்கு மேல் தாவுவதைக் காண்பீர்கள். காரணம் சட்டம்.

உங்கள் தொகுதி கலைக்கப்பட்டதென்றால் அட்டவணையைக் கடைசித் தேர்தலோடு முடித்துவிட்டு, நிலம் எந்தெந்தத் தொகுதிக்குப் போனது என்று கீழே எழுதுங்கள். மெல்போர்னின் ஹிகின்ஸ் அப்படி ஒன்று. ஹரோல்ட் ஹோல்ட், ஜான் கோர்ட்டன் என்று இரண்டு பிரதமர்கள் இருந்த லிபரல் கோட்டை. 2022-ல் ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட மருத்துவர் மிஷெல் ஆனந்த-ராஜா லேபருக்காகப் பிடித்தார். 2024-ல் தொகுதியே கலைந்தது. அவர் 2025-ல் செனட்டுக்குப் போனார். இதை "லேபர் ஹிகின்ஸை இழந்தது" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கலாம். யாரும் தோற்கவில்லை, தோற்க இடமே இல்லை.

தமிழர் அதிகம் வாழும் வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்கேபி பக்கத்து வரலாற்றைத் தொகுக்க நினைப்பவர்கள் தொகுதிப் பெயரிலிருந்து தொடங்க வேண்டாம், ஊரிலிருந்து தொடங்குங்கள். பரமட்டா, கிரீன்வே கோடுகள் அந்தப் பகுதியில் அடிக்கடி நகர்பவை. ஆணையம் இலவசமாகத் தரும் எல்லைக் கோப்புகளை ஆண்டுவாரியாக ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தால், உங்கள் தெரு எந்த ஆண்டில் எந்தப் பெயருக்குள் இருந்தது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக, முடிவு என்ற பத்தியில் என்ன எழுதுவது என்ற சின்னத் தலைவலி. பெனலாங் 2025-க்கு "லேபர் தக்கவைத்தது" என்பதும் சரி, "லிபரலிடமிருந்து லேபர் அனுமானமாகப் பிடித்தது" என்பதும் சரி. ஒன்று உறுப்பினரைச் சொல்கிறது, மற்றது நிலத்தைச் சொல்கிறது. இரண்டு பத்தி வைத்து இரண்டையும் எழுதுங்கள். ஒரே பத்திதான் இருக்கிறது என்றால் உறுப்பினரை எழுதிவிட்டு, பக்கத்தில் ஓர் உடுக்குறி போட்டு 0.04-ஐக் கீழே சொல்லிவிடுங்கள்.